டாலர் ஏறினால் வர்த்தகப் பற்றாக்குறை குறையுமா? கணக்குப் போடும் முறை

"ரூபாய் விழுந்தா ஏற்றுமதிக்காரனுக்குக் கொண்டாட்டம்" என்று பாரிமுனை டீக்கடையில் சொல்லிவிடலாம். தாளில் போட்டால் அவ்வளவு சுலபமாக வராது.

முதலில் சதவீதம். டாலர் 80 ரூபாயிலிருந்து 88 ஆனால் டாலர் ஏறியது 10%; ரூபாய் இறங்கியது 9.1% தான். இங்கே குழம்பினால் மற்ற எல்லாமே தப்பு.

அடுத்து விலையையும் அளவையும் பிரியுங்கள். 100 டாலருக்கு இறக்குமதி செய்து 80 டாலருக்கு ஏற்றுமதி செய்யும் நாட்டுக்கு, பழைய வீதத்தில் பற்றாக்குறை 1,600 ரூபாய். டாலர் 88 ஆன மறுநாள் 1,760. சரக்கு ஒரு கிலோகூட மாறவில்லை. டாலரில் அதே 20 தான். பழைய ஆர்டர்கள் தீரும்வரை, பல மாதங்களுக்கு, இப்படித்தான் இருக்கும். முதலில் மோசமாகி அப்புறம் தேறும் இந்தப் போக்குக்கு 'ஜே வளைவு' என்று பெயர். பிறகு ஏற்றுமதி 6% கூடி இறக்குமதி 4% குறைந்தால், பற்றாக்குறை 11.2 டாலர், அதாவது 986 ரூபாய்.

அந்த 6, 4 நிஜத்தில் எவ்வளவு என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. சரக்கு சரக்காகப் பாருங்கள். மணலி சுத்திகரிப்பு ஆலைக்குக் கச்சா எண்ணெய் வந்தே தீரவேண்டும். விலை ஏறியதற்காகப் பெரிதாகக் குறையாது. சவுகார்பேட்டைத் தங்கம் சில நேரம் எதிர்த்திசையில் போகும்: இன்னும் ஏறும் என்ற பயத்தில் சனம் முந்திக்கொண்டு வாங்கும். எண்ணூரில் கப்பலேறும் காரில் இறக்குமதி பாகங்கள் உண்டு. 100 ரூபாய் சரக்கில் 40 ரூபாய் இறக்குமதி என்றால், டாலர் 10% ஏறும்போது கையில் நிற்பது 10 அல்ல, 6 தான். அதிலும் வெளிநாட்டு வியாபாரி "டாலர்தான் ஏறிடுச்சே" என்று தள்ளுபடி கேட்பார். காசிமேட்டுக் கணவாய் மீனுக்கு டாலர் விலை கிடைத்தாலும், டீசல் ஏறினால் விசைப்படகுக்காரருக்கு லாபம் கரையும்.

போட்டி நாடுகளின் பணமும் விழுந்தால் நமக்கு அனுகூலம் இல்லை. அதனால் டாலரை மட்டும் பார்க்காமல், ரிசர்வ் வங்கி 40 நாணயங்களை வைத்து, விலைவாசியையும் சேர்த்து வெளியிடும் ரூபாய் மதிப்புக் குறியீட்டைப் பாருங்கள்.

1991 ஜூலையில் ரூபாய் மதிப்பு இரு தவணைகளில் குறைக்கப்பட்டது. அந்த ஆண்டு இறக்குமதி சுருங்கியதை அதன் கணக்கிலேயே எழுதுவது சரியல்ல. இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் இருந்தன.

வணிக அமைச்சகத்தின் மாதப் புள்ளிவிவரத்தை எடுத்தால் டாலர் கணக்கில், எண்ணெயையும் தங்கத்தையும் தனியே ஒதுக்கி, போன ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். தங்கத்துக்கு மட்டும் அக்டோபரையும் நவம்பரையும் சேர்த்தே பாருங்கள். தீபாவளி அந்த இரண்டுக்கும் இடையே நகரும்.