பூஜ்ஜியம் வரும் கழித்தலுக்கு ஒரு சுலப வழி

500-இலிருந்து 168-ஐக் கழிக்கச் சொன்னால் சின்னப் பிள்ளைகள் பலர் தடுமாறுவார்கள். கடன் வாங்கலாம் என்று போனால் பத்துகள் இடத்திலும் பூஜ்ஜியம்! இரண்டு எண்களிலும் ஒன்றைக் குறைத்துவிடச் சொல்லுங்கள். 499-இல் 167 போனால் 332. கடனே வேண்டாம். இரண்டிலும் ஒரே அளவு குறைவதால் வித்தியாசம் மாறாது. இதை முதலில் 10, 7 போன்ற எண்களில் செய்து காட்டினால்தான் நம்புவார்கள்.

விடையைச் சரிபார்க்க, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை விற்பவர் மீதிச் சில்லறை எண்ணித் தருவதுபோல் மேலே போகலாம்: 168-உடன் 2 சேர்த்தால் 170, அப்புறம் 30 சேர்த்தால் 200, இன்னும் 300 சேர்த்தால் 500. சேர்த்தது மொத்தம் 332. சரி, பரீட்சையில் மட்டும் டீச்சர் சொல்லிக்கொடுத்த முறையிலேயே எழுதட்டும்.