கூட்டுத் தொழிலில் எழுதாமல் விடக் கூடாதவை

நீலகிரியில் கேரட் கழுவும் நிலையமோ தங்கும் விடுதியோ கூட்டாகத் தொடங்குவோர் பெரும்பாலும் உறவினர்களாகவோ ஒரே ஊர்க்காரர்களாகவோ இருப்பதால், "நமக்குள் எதற்குப் பத்திரம்?" என்று வாய்ப்பேச்சோடு நிறுத்திவிடுகிறார்கள். வாய்மொழி ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும்; ஆனால் சச்சரவு வந்தபின் அதை மெய்ப்பிப்பது மிகக் கடினம். மெய்ப்பிக்க முடியாத இடங்களை 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் தன் பொது விதிகளால் நிரப்பிவிடும்.

கேத்திப் பக்கம் மச்சான் முறையுள்ள இருவர் கேரட் கழுவும் நிலையம் தொடங்குவதாகக் கொள்வோம். ஒருவர் இயந்திரத்துக்கும் வண்டிக்கும் பணம் போடுகிறார். மற்றவர் ஓடையோரப் பட்டா நிலத்தைத் தந்து, விடியுமுன்னே எழுந்து மூட்டைகளைக் கழுவி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றிவிடுகிறார். முதல் போட்டவருக்கு அறுபது பங்கு, உழைப்பவருக்கு நாற்பது பங்கும் மாதச் சம்பளமும் என்று பேசியிருக்கலாம். அதற்குச் சான்று இல்லையென்றால், 13-ஆம் பிரிவின்படி லாபமும் நட்டமும் சரிபாதி. தொழிலை நடத்தியதற்குச் சம்பளம் இல்லை. போட்ட முதலுக்கு வட்டியும் இல்லை. பத்திரத்தில் சொல்லப்படாத சம்பளத்தை வருமான வரிக் கணக்கிலும் செலவாகக் கழிக்க முடியாது.

இவற்றைவிட எனக்குக் கவலை தருவது நிலம்தான். வண்டி போகும் பாதையோரம், தண்ணீர் வசதியோடு, ஓரளவு சமமாக உள்ள இடம் இந்த மலையில் எளிதில் கிடைப்பதில்லை. அந்த நிலம் கூட்டின் சொத்தாகச் சேர்க்கப்பட்டதா, கூட்டு பயன்படுத்திக்கொள்ள மட்டும் விடப்பட்டதா என்பதைச் சர்வே எண்ணோடு எழுத வேண்டும். வாடகை எவ்வளவு, அங்கே பொதுப் பணத்தில் கட்டிய கொட்டகையும் தொட்டியும் பிரிவின்போது யாருக்கு என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால், பிள்ளைகள் காலத்தில் அது பாகப்பிரிவினை வழக்கோடு சிக்கிக்கொள்ளும்.

பத்திரம் எழுதுபவர் வைத்திருக்கும் பழைய மாதிரியில் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்திடுவதும் தவறே. கூட்டாளி ஒருவர் இறந்தால், வேறு ஏற்பாடு எழுதப்படாதவரை கூட்டு கலைந்துவிடும். இருவர் மட்டுமே உள்ள கூட்டில், தொடரும் என்று எழுதினாலும் எஞ்சிய ஒருவரால் கூட்டாக நடத்த முடியாது. ஆகவே இறந்தவரின் பங்கை எப்படி மதிப்பிடுவது, குடும்பத்துக்கு எத்தனை தவணையில் கொடுப்பது என்பதை எழுதுவதே பயன் தரும். கடன் வாங்க இருவர் கையெழுத்தும் தேவை என்ற விதியும் வேண்டும். ஏனெனில் கூட்டின் கடனுக்கு ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பாளி, வங்கி ஒருவரிடமிருந்தே முழுவதையும் வசூலிக்கலாம்.

பத்திரம் எழுதியபின், கூட்டைப் பதிவு செய்யாமல் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துவிடுகிறவர்களும் உண்டு. பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிவில்லாத கூட்டு, சரக்கு வாங்கிப் பணம் தராத மண்டிக்காரர்மீது ஒப்பந்தத் தொகைக்காக வழக்குத் தொடர 69-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. அந்த மண்டிக்காரர் கூட்டின்மீது வழக்குப் போட எந்தத் தடையும் இல்லை. வழக்குத் தாக்கல் செய்யும் நாளில் கூட்டு பதிவாகியிருக்க வேண்டும் என்பதால், கடனுக்குச் சரக்கு அனுப்பத் தொடங்கும் முன்பே பதிவை முடித்துவிடுவது நல்லது.