கசவுக் கரையை நகத்தில் இறக்குவது: வீட்டிலேயே நகப்பூச்சு நிறம் கலக்கும் முறை

ஓணத்துக்கு முந்தைய வாரத்தில், கேரள எல்லையை ஒட்டிய எங்கள் செங்கோட்டையின் பேன்சி ஸ்டோர்களில், தங்கக் கரையிட்ட கேரளத்துக் கசவுச் சேலைக்குப் பொருந்தும் வளையலும் பொட்டும் தாராளமாகக் கிடைக்கும். அந்தச் சேலையின் சந்தன வெள்ளையோடு ஒத்துப்போகும் நகப்பூச்சு மட்டும் கிடைக்காது. கிடைப்பவை இரண்டு. ஒன்று, சுண்ணாம்பு அடித்த சுவரைப் போன்ற பளீர் வெள்ளை. மற்றொன்று, தோலோடு கலந்து காணாமற்போகும் வெளிர் ரோஜா. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர் இது என்பதாலும், வீட்டுக்கு ஒரு மருமகளாவது கேரளத்துப் புனலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருப்பதாலும், இங்கே ஆவணி மாதத்தில் கசவு உடுத்துவது புதிய நாகரிகம் அல்ல. அந்த ஒரு நிறத்துக்காகத்தான் நான் முதன்முதலில் இரண்டு பாட்டில்களைத் திறந்து ஒன்றோடொன்று கலக்கத் தொடங்கினேன்.

இங்கே ‘கலப்பது’ என்று நான் சொல்வது நிறத்தைத்தான். நகப்பூச்சையே அடிப்படையிலிருந்து வீட்டில் காய்ச்ச முடியாது, முயலவும் கூடாது. நகத்தில் படலமாகக் காய்ந்து நிற்கும் பொருள் நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சைப் போன்ற தாவர நாரை நைட்ரிக் அமிலத்தால் மாற்றிச் செய்யப்படும் இது, எளிதில் தீப்பற்றும் இயல்புடையது. அதனை எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் போன்ற கரைப்பான்களில் கரைத்து, படலம் வெடிக்காமல் வளைந்து கொடுக்கச் சில பொருள்களையும், நிறமிகள் அடியில் தங்கிவிடாமல் தாங்கிப் பிடிக்க ஒரு வகைக் களிமண்ணையும் சேர்த்தே தொழிற்சாலையில் பூச்சு தயாரிக்கிறார்கள். இந்த வேலையெல்லாம் முடிந்து வந்த பாட்டில்களை வாங்கி, நமக்கு வேண்டிய நிறத்தை அவற்றிலிருந்து எடுப்பதே நம் வேலை. புனலூர்க்காரியான என் மதினி இன்றுவரை எந்தப் பூச்சையும் ‘கியூட்டெக்ஸ்’ என்றுதான் சொல்வாள். 1911இல் அமெரிக்காவில் நகத்தோரத் தோலை மென்மையாக்கும் திரவமாக விற்பனைக்கு வந்த ஒரு பெயர், மலையாளத்தில் இப்படிப் பொதுச்சொல்லாகவே நிலைத்துவிட்டது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் அலட்சியம் வேண்டாம். எத்தில் அசிட்டேட்டின் ஆவி காற்றைவிடக் கனமானது; அது தரையோடு படர்ந்து, சற்றுத் தள்ளியிருக்கும் சுடரையும் எட்டும். ஆகவே சமையலறையிலோ, விளக்கு எரியும் பூசையறைக்கு அருகிலோ, கொசுவத்திச் சுருள் புகையும் அறையிலோ பாட்டிலைத் திறக்கக் கூடாது. சன்னல் திறந்திருக்கும் இடத்தில், பழைய செய்தித்தாள் விரித்த மேசையில் அமர்வது நல்லது. சிறு குழந்தைகளையும் ஆஸ்துமா உள்ளவர்களையும் அந்த அறையிலிருந்து விலக்கி வைக்கவும்.

தேவையான பொருள்கள் அதிகமில்லை. வெள்ளை, சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு ஆகிய ஐந்தும் மினுமினுப்பு இல்லாத, ஒளி ஊடுருவாத வகையாக இருக்கட்டும்; இவற்றோடு நிறமற்ற பூச்சு ஒன்றும், தங்க நிறம் ஒன்றும் வேண்டும். தங்கத்தைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மஞ்சளையும் பழுப்பையும் எப்படிக் கலந்தாலும் கடுகு நிறம்தான் வருமே தவிரத் தங்கம் வராது, ஏனென்றால் தங்கத்தின் ஒளிர்வு நிறத்தில் இல்லை. பூச்சில் மிதக்கும் மைக்காச் செதில்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதில் இருக்கிறது. கலவைக்குக் காலியான பூச்சுப் பாட்டில் போதும். அதில், கெட்டியான பூச்சை இளக்க விற்கும் நெயில் பாலிஷ் தின்னரைச் சிறிது ஊற்றிக் குலுக்கிக் கழுவி, முழுமையாகக் காயவைத்த பின் பயன்படுத்தலாம். சொட்டுக் கணக்குக்கு ஒரு கண்ணாடிச் சொட்டுக்குழலும், கிளறுவதற்குப் பல் குத்தும் குச்சிகளும் வேண்டும்.

கலவை நன்றாகச் சேர உள்ளே இரண்டு சிறு குண்டுகள் போடுவது வழக்கம். இதில் நான் ஒருமுறை ஏமாந்தேன். சைக்கிள் கடையிலிருந்து பழைய பால்ரஸ் குண்டுகளை வாங்கி, துடைத்துப் போட்டேன். சில வாரங்கள் கழித்துத் திறந்தபோது, பாடுபட்டுக் கலந்த சந்தன வெள்ளையில் துருவின் கோடுகள் செம்மண் ஓடைபோல ஓடிக்கொண்டிருந்தன. துருப்பிடிக்காத எஃகுக் குண்டுகள் கிடைத்தால் மட்டும் போடவும். இல்லாவிட்டால் சாயம் பூசாத சிறு கண்ணாடி மணிகள் போதும். மலிவான வண்ண மணிகள் கரைப்பானில் தங்கள் சாயத்தைக் கக்கிவிடும்.

இப்போது கசவு நிறம். பாட்டிலில் பாதியளவு வெள்ளையை முதலில் ஊற்றவும். அதில் மஞ்சளை ஒரு சொட்டு விட்டு, மூடி, பாட்டிலை உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்து மோரைக் கடையும் மத்தைப் போல முன்னும் பின்னும் உருட்டவும். வேகமாகக் குலுக்கினால் காற்றுக் குமிழிகள் புகுந்து நகத்தில் பொரிபொரியாகத் தெரியும். நான்கு அல்லது ஐந்து சொட்டில் கலவை எலுமிச்சையின் சாயலுக்கு வந்துவிடும். பார்ப்பதற்கு இது தவறாகப் போய்விட்டது போலத் தோன்றும், ஆனால் இந்த நிலை வந்தே ஆக வேண்டும். பிறகு சிவப்பில் குச்சியின் நுனியை மட்டும் தொட்டு எடுத்துக் கலக்க, எலுமிச்சைத் தன்மை அடங்கி வெண்ணெயின் நிறம் வரும். கடைசியாக, கறுப்பிலோ பழுப்பிலோ குச்சி நுனியைத் தொட்டு, அதையும் காகிதத்தில் ஒருமுறை துடைத்துவிட்டு, எஞ்சியிருப்பதைக் கலக்கவும். நெய்தபின் வெளுக்காத பருத்தியின் அந்த மங்கல் இந்தக் கடைசித் தொடுதலில்தான் வருகிறது. வெளிர் நிறத்தோடு அடர் நிறத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டுமே தவிர, அடர் நிறத்தை வெளுக்க வைக்கப் புறப்பட்டால் வீட்டிலுள்ள வெள்ளை முழுவதும் தீர்ந்துபோகும்.

பாட்டிலில் தெரியும் நிறத்தை நம்ப வேண்டாம். பெரும்பாலான கலவைகள் காயும்போது ஒரு படி கறுக்கின்றன. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் வெள்ளைப் பிளாஸ்டிக் கரண்டியின் முதுகில் இரண்டு மெல்லிய பூச்சுகள் பூசி, பத்து நிமிடம் காயவிட்டு, பகல் வெளிச்சத்தில் சேலையின் மேலேயே வைத்துப் பார்க்கவும். இரவில் மஞ்சள் பல்பின் கீழ் பொருத்தமாகத் தெரிந்த நிறம், காலையில் திண்ணையில் வைத்துப் பார்த்தால் வேறொன்றாக இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பாட்டிலை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பவும் வேண்டாம்; குண்டுகள் உருளவும் தூரிகை உள்ளே போகவும் இடம் வேண்டும்.

மற்ற நிறங்களுக்கும் இதே பொறுமைதான் வழி. செண்டுமல்லி நிறத்துக்கு மஞ்சள் ஐந்து பங்கும் சிவப்பு ஒரு பங்கும் எடுத்துத் தொடங்கலாம். அரக்குக்குச் சிவப்பில் கறுப்பைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வெங்காயத்தோல் நிறத்துக்கு ரோஜாவில் சிறிது பழுப்பும் வெள்ளையும் போதும். கத்தரிப்பூ நிறத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள்: குங்குமச் சிவப்பும் நீலமும் கலந்தால் ஊதா வராது, சேற்றுப் பழுப்புதான் வரும், ஏனென்றால் அந்தச் சிவப்புக்குள் மஞ்சளும் ஒளிந்திருக்கிறது. அதற்குப் பதிலாக, ராணி நிறம் என்று நாம் சொல்லும் அடர் ரோஜாவோடு நீலத்தைச் சேர்க்க வேண்டும்.

மயில்கழுத்து நிறத்தைப் பாட்டிலில் தேடுவது வீண் வேலை. மயில்கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம்; இரண்டும் கலக்காமல் அருகருகே நிற்பதால்தான் சேலை அசையும்போது நிறம் மாறுகிறது. நகத்திலும் அப்படியே செய்யலாம். அடர் நீலத்தை முதலில் பூசி நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் ஒளி ஊடுருவும் பச்சை மினுமினுப்பை ஒரே ஒரு மெல்லிய பூச்சாக இழுக்க வேண்டும். மினுமினுப்பை ஒளி ஊடுருவாத பூச்சோடு நேரடியாகக் கலந்தால் மைக்காச் செதில்கள் அதற்குள் மூழ்கி, செலவு மட்டும்தான் மிஞ்சும்.

உடைந்துபோன ஐ ஷேடோவைப் பொடித்து நிறமியாகப் பயன்படுத்துவதும் உண்டு. பொடியைக் கரண்டியின் முதுகால் காகிதத்தின் மேல் மாவாகத் தேய்த்து, பத்து மில்லிலிட்டர் நிறமற்ற பூச்சுக்குக் கால் தேக்கரண்டிக்கு மிகாமல், சிட்டிகை சிட்டிகையாகச் சேர்க்கவும். அளவு மிஞ்சினால் பளபளப்பு போய்ப் படலம் உதிரும். நிறமற்ற பூச்சில் தாங்கும் களிமண் குறைவாக இருப்பதால் பொடி அடியில் தங்கத்தான் செய்யும். ஒவ்வொரு முறையும் உருட்டிவிட்டே பூச வேண்டும்.

சேர்க்கக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். கேசரிப் பவுடர் கரைசலும் நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணமும் பூச்சோடு சேராமல் திரிந்துவிடும். மஞ்சள் தூளின் நிறம் இந்தக் கரைப்பான்களில் நன்றாகக் கரையும் என்பதால் முதலில் அழகாகவே தோன்றும். பிறகு அது நகத்தில் கறையாக ஏறி, வெயிலில் திட்டுத்திட்டாக வெளுக்கும். கடைக் குங்குமத்திலும் கோலப்பொடியிலும் என்ன சாயம் இருக்கிறது என்று பொட்டலத்தில் எழுதியிருப்பதில்லை. கெட்டியான பூச்சை இளக்க ரிமூவரை ஊற்றுவது மிகப் பரவலான தவறு. அதிலுள்ள நீரும் எண்ணெயும் படலத்தைக் கெடுக்கின்றன. அதற்கென விற்கும் நெயில் பாலிஷ் தின்னரை இரண்டு மூன்று சொட்டு விடுவதே சரி. வன்பொருள் கடையின் பெயிண்ட் தின்னர் நகத்துக்கு ஆகாது. புறஊதா விளக்கில் உறையும் ஜெல் வகை முற்றிலும் வேறு வேதியியல்; அதை இதோடு கலக்க வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. ஆனியிலும் ஆடியிலும் மலைக் கணவாய் வழியாகச் சாரல் வீசும் நாட்களில் பூசிய பூச்சு, காய்ந்தபின் பால் படிந்ததுபோல மங்கிவிடும். கரைப்பான் விரைவாக ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்கிறது. ஈரக் காற்றின் நீர் அதன்மேல் படிந்து படலத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. மின்விசிறியை நேராக நகத்தின்மேல் வைப்பது இதை மோசமாக்கும். குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருக்கும்போது நான் பூசுவதில்லை. பூசியே ஆக வேண்டுமென்றால் சாரல் ஓய்ந்த நண்பகலில், இரு பூச்சுகளுக்கு இடையில் ஐந்து நிமிடமாவது விட்டு, மிக மெல்லியதாகப் பூசுவேன்.

இனி நக ஓவியம். எண்ணெய்ப் பசை போக ரிமூவர் நனைத்த பஞ்சால் நகத்தை ஒருமுறை துடைத்து, நிறமற்ற பூச்சை அடித்தளமாகப் பூசவும்; அடர் நிறங்கள் நகத்தில் மஞ்சள் கறையை விடாமல் இது தடுக்கும். அதன்மேல் கசவு வெள்ளையை இரண்டு முறை பூசி, ஒவ்வொரு முறையும் நக நுனியின் விளிம்பையும் தூரிகையால் தொட்டு மூடவும். தங்கக் கரையிடப் பழைய பூச்சுத் தூரிகையின் மயிர்களை ஏழெட்டு மட்டும் விட்டு மற்றவற்றை அடியோடு கத்தரித்து எடுத்தால் அருமையான கோட்டுத் தூரிகை கிடைக்கும். தங்கத்தை அதில் தோய்த்து, நக நுனிக்குச் சற்று உள்ளே வைத்து, தூரிகை பிடித்த கையை அசைக்காமல் விரலை மெதுவாகத் திருப்பவும். மைக்காச் செதில்கள் தூரிகை போன திசையிலேயே படுத்துக் காய்வதால், கோட்டை ஒரே இழுப்பில் முடிக்க வேண்டும்; திரும்பிப் போய்த் திருத்தினால் அந்த இடம் கறுத்துத் தெரியும். முதல்முறை என் மதினியின் மகள் விரலை நீட்டிப் பார்த்துவிட்டு, “அத்தை, கசவு மாதிரி இல்லை, பிஸ்கட் பாக்கெட் மாதிரி இருக்கு” என்றாள். கரை தடித்துப்போனதுதான் காரணம். நகத்தின் நீளத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் கரை அகலக் கூடாது.

ஓணத்துக்கு வாசலில் இடும் பூக்கோலமான அத்தப்பூக்களத்தைக் கட்டைவிரலில் மட்டும் வைப்பது என் வழக்கம். பத்து விரலிலும் வைத்தால் கோவில் தேர்போல ஆகிவிடும். குண்டூசியின் தலையைப் பூச்சில் தொட்டு நடுவில் ஒரு செண்டுமல்லிப் புள்ளி, அதைச் சுற்றி ஆறு வெள்ளைப் புள்ளிகள், அவற்றின் இடைவெளிகளுக்கு வெளியே அரக்குப் புள்ளிகள் என்று, புள்ளிக்கோலத்தில் இடைப்புள்ளி வைக்கும் அதே கணக்கில் விரித்துக்கொண்டே போகலாம். ஒரு தொடுதலுக்கு இரண்டு புள்ளிக்கு மேல் வைத்தால் அளவு சிறுத்துப்போகும். எங்கள் பக்கத்துச் சுந்தரபாண்டியபுரத்து வயல்களில் பூக்கும் சூரியகாந்தி வேண்டுமென்றால், மஞ்சள் புள்ளி ஈரமாக இருக்கும்போதே குச்சி நுனியால் அதை நடுநோக்கி இழுக்க, புள்ளி இதழாகிவிடும். எல்லாம் முடிந்தபின் இருபது நிமிடமாவது பொறுத்து, நிறமற்ற பூச்சை மேலுறையாக, தூரிகை அழுந்தாமல் மிதக்கவிட்டுப் பூசவும். அவசரப்பட்டால் புள்ளிகள் அனைத்தும் இழுபட்டு வால் நட்சத்திரங்கள் ஆகும்.

தொழுகைக்கு முன் ஒளுச் செய்யும் தோழிகள், பூச்சு நீரை உள்ளே விடாது என்பதால் மருதாணியையே வைத்துக்கொள்கிறார்கள். மருதாணியின் நிறம் நகத்தின் கெரட்டின் என்ற புரதத்தோடே சேர்ந்துவிடுவதால் அழிக்க முடியாது. மாதத்துக்கு ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் வளரும் நகத்தோடு அது நகர்ந்துதான் போகும். அது இருக்கும் நகத்தில் கசவு வெள்ளையை மெல்லியதாகப் பூசினால் அடியிலிருந்து செம்மை எட்டிப் பார்க்கும். அங்கே மூன்றாவது பூச்சு தேவைப்படும். அறுவைச் சிகிச்சைக்கோ, விரலில் ஆக்சிஜன் அளவு பார்ப்பதற்கோ செல்பவர்கள் பூச்சை அழித்துவிட்டே செல்ல வேண்டும்.

மீதமான கலவையை மூடும் முன் பாட்டிலின் கழுத்தைத் தின்னர் தொட்ட பஞ்சால் துடைத்துவிடவும். இல்லையென்றால் மூடி ஒட்டிக்கொண்டு அடுத்த முறை திறக்காது. சொட்டுக் கணக்கை ஒரு சிறு தாளில் எழுதிப் பாட்டிலின் அடியில் ஒட்டி, வெயில் படாத அலமாரியில் நிமிர்த்தி வைக்கவும்.