பைசெக்‌ஷன் முறையை மாடி ஏறிச் சொல்லிக்கொடுங்கள்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு எண்ணியல் முறைகளை, அதாவது சமன்பாட்டின் விடையைப் படிப்படியாக நெருங்கும் வழிகளைச் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்களா? எடுத்தவுடன் சூத்திரத்தை எழுதாதீர்கள். ஒரு கட்டடத்திலிருந்து தொடங்குங்கள்.

படி 1: சிங்கப்பூரின் கண்டோன்மென்ட் சாலையில் உள்ள பினக்கல் அட் டக்ஸ்டன், 50 மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்பு. முதல் மாடியில் கடல் தெரியாது, 50ஆவது மாடியில் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். கடல் முதலில் தெரியத் தொடங்கும் மாடி எது? ஒவ்வொன்றாக ஏறாமல் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பதில் சொல்லிவிட வேண்டாம், பொறுத்திருங்கள். யாராவது ஒருவர் "மின்தூக்கியில் நேரே 25க்குப் போகலாம்" என்பார். அங்கே தெரியவில்லையென்றால் கீழ்ப்பாதியை விட்டுவிடலாம், தெரிந்தால் மேல்பாதி வேண்டாம். இப்படியே பாதி பாதியாகக் குறைத்தால், அதிகம் போனால் 6 முறை பார்த்தாலே மாடி கிடைத்துவிடும்.

படி 2: "தெரியாது" என்பதற்கு மைனஸ், "தெரியும்" என்பதற்கு பிளஸ். பைசெக்‌ஷன் முறைக்கு இவ்வளவுதான் வேண்டும்: பாதி பாதியாக்கி, குறி மாறும் இடத்தைத் தேடுவதுதான் அந்த முறை.

படி 3: சரி, இப்போது கணக்கு. எக்ஸ்³ + எக்ஸ் − 5 = 0. எக்ஸ் 1 என்றால் −3, 2 என்றால் +5. நடுவில் 1.5 போட்டால் −0.125. ஆகவே விடை 1.5க்கும் 2க்கும் இடையில். அடுத்து 1.75, அது பிளஸ், 2.1க்குச் சற்று மேல். இனி 1.5க்கும் 1.75க்கும் இடையில் தேடினால் போதும். கால்குலேட்டரை மாணவர் கையிலேயே கொடுங்கள். பத்து முறை பாதியாக்கினால் இடைவெளி 1/1024 ஆகிவிடும். விடை ஏறத்தாழ 1.516.

படி 4: பலர் தாண்டிவிடும் இடம் இது, எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான். உவமை எங்கே நின்றுபோகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். மாடிகள் தனித்தனி, எண்கோட்டில் இடைவெளியே கிடையாது. அதனால் வரைபடக் கோடு அறுபடாமல் தொடர வேண்டும். 1/எக்ஸ், −1இல் மைனஸ், 1இல் பிளஸ், ஆனால் நடுவில் விடையே இல்லை. எக்ஸ்² சுழியைத் தொடுகிறது, குறி மாறவில்லை. அதையும் இந்த முறை பிடிக்காது. இரண்டையும் மாணவரே வரைந்து பார்க்கட்டும்.

அப்புறம் நியூட்டன்-ராப்சன், தொடுகோட்டைப் பிடித்து விடையை நெருங்கும் இன்னொரு முறை. அது 1.5இலிருந்து ஒரே படியில் 1.516க்கு வந்துவிடும். அங்கே மாடிக் கதையை இழுக்காதீர்கள். தொடுகோட்டை வரைந்தே காட்டுங்கள்.