தளம் விதியை மாற்றினால் குழு என்ன செய்யலாம்? ஒரு அட்மினின் யோசனைகள்

மாடித்தோட்டம் போடுபவர்களுக்கான ஓர் இணையக் குழுவுக்கு நான் அட்மின். தளத்தின் விதிகள் மாறும்போதெல்லாம், "நாமும் ரெடிட் மாதிரி குழுவை மூடிவிடலாமா?" என்று யாராவது கேட்பார்கள். மூடலாம். ஆனால் பல தலைப்புகளில் குழுக்கள் சேர்ந்து பேசும் ரெடிட் தளத்தில் 2023-இல் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு மூடுவது நல்லது.

ரெடிட்டிலிருந்து தகவல் எடுத்துக் காட்டும் வெளிச் செயலிகளுக்கு அதுவரை கட்டணம் கிடையாது. திடீரென்று, செயலி 5 கோடி முறை தகவல் கேட்டால் 12,000 டாலர் என்று விலை வைத்தார்கள். அப்படிப்பட்ட வெளிச் செயலிகளில் ஒன்றான அப்போலோவை உருவாக்கிய கிறிஸ்டியன் செலிக் கணக்குப் போட்டுப் பார்த்தார்: ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர். இதை எதிர்த்து ஜூன் 12 அன்று ஆயிரக்கணக்கான குழுக்கள் வெளியார் பார்க்க முடியாதபடி பூட்டிக்கொண்டன. அப்படியும் ஜூன் 30 அன்று அப்போலோ நின்றுபோனது.

என் பார்வையில் முதல் சறுக்கல் தேதியில்தான். பெரும்பாலான குழுக்கள் "48 மணி நேரம்" என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டன. இதுவும் அடங்கிவிடும், வருமானத்தில் பெரிய பாதிப்பில்லை என்ற தொனியில் தலைமை அதிகாரி ஸ்டீவ் ஹஃப்மன் ஊழியர்களுக்கு எழுதினார். இரண்டு நாளில் முடியும் என்று தெரிந்தால் எந்த நிறுவனமும் பொறுத்துக்கொள்ளும். அதனால் முடிவுத் தேதி போடாதீர்கள். குழுவின் முகப்பில் இப்படி எழுதுங்கள்: "இந்தக் கோரிக்கைக்கு எழுத்துப்பூர்வமாகப் பதில் வரும்வரை புதிய பதிவுகள் இல்லை." அவ்வளவு நாள் தாங்காது என்றால், வாரத்தில் ஒரு நாள் மட்டும் நிறுத்துங்கள், ஆனால் அதை விடாமல் செய்யுங்கள்.

அடுத்தது கோரிக்கை. "எங்கள் குரலைக் கேளுங்கள்" என்பது கோரிக்கையே அல்ல. "கேட்டுவிட்டோம், நன்றி" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ரெடிட்டில் பார்வையற்றோர் குழு ஒன்று உண்டு. திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் வைத்துப் படிக்கும் தங்களுக்கு ரெடிட்டின் சொந்தச் செயலி சரிப்படவில்லை, வெளிச் செயலிகள் போனால் தளத்துக்கே வர முடியாது என்று அவர்கள் தெளிவாகச் சொன்னார்கள். லாபநோக்கற்ற அணுகல்வசதிச் செயலிகளுக்குக் கட்டணம் இல்லை என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது, அதுவும் குழுக்கள் பூட்டப்படும் முன்பே. ஆமாம் அல்லது இல்லை என்று மட்டுமே பதில் சொல்ல முடிகிற மாதிரி கேளுங்கள்.

எங்கே அழுத்துவது என்பதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். குழுவைப் பூட்டும் பொத்தான் தளத்தின் கையில் இருக்கிறது. பூட்டியே வைத்திருந்தால் குழுவை நடத்தும் தன்னார்வலர்களான மாடரேட்டர்களை மாற்றிவிடுவோம் என்று ரெடிட் எச்சரித்தது. 2024-இல் பொதுக் குழுவைப் பூட்டுவதற்கே நிறுவனத்தின் அனுமதி வேண்டும் என்று விதியை மாற்றியது. ஆனால் சம்பளமில்லாமல் செய்யும் உழைப்பு நம்முடையது. அதே 2023 ஜூனில், நிரல் எழுதுபவர்கள் கேள்வி-பதில் போடும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்திலும் அதன் சகோதரத் தளங்களிலும் மாடரேட்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். செயற்கை நுண்ணறிவு எழுதிய பதில்களை நீக்கும் அதிகாரத்தை நிறுவனம் கட்டுப்படுத்தியதுதான் காரணம். அவர்கள் தளத்தை மூடவில்லை. புகார்களைப் பார்ப்பதை நிறுத்தினார்கள். தன்னார்வலர்கள் நடத்திய குப்பைப் பதிவு பிடிக்கும் கருவியையும் நிறுத்தினார்கள். தங்கள் சார்பில் பேசப் பிரதிநிதிகளை அனுப்பினார்கள். ஆகஸ்டில் உடன்பாடு வந்தது. தினமும் நீங்கள் சத்தமில்லாமல் செய்யும் வேலை எது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதில்தான் உங்கள் பலம் இருக்கிறது.

இதற்கெல்லாம் முன்பு, உங்கள் சரக்கை வெளியே எடுத்து வையுங்கள். எங்கள் குழுவில் மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் கலக்கும் விதம், எந்தப் பையில் என்ன மண்கலவை போடுவது என்பதெல்லாம் உறுப்பினர்கள் செடியோடு மல்லுக்கட்டிக் கற்றது. அதைத் தளத்தில் மட்டும் விட்டுவைத்துவிட்டுப் போராடப் போனால் பாதியில் பயம் வந்துவிடும். எழுதியவர்களிடம் கேட்டுக்கொண்டு நல்ல பதிவுகளைச் சேமியுங்கள். விருப்பமுள்ளவர்களின் மின்னஞ்சலையும் வாங்கி வையுங்கள். குழு காணாமல் போனால் அவர்களைத் தேட வேறு வழி இருக்காது.

அப்புறம், உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்துங்கள். அட்மின்கள் நாலு பேர் மட்டும் கூடி முடிவெடுத்தால், மறுநாள் பூச்சி விழுந்த செடியின் படத்தோடு வருகிறவருக்குக் கோபம் நம் மேல்தான் வரும். அவசரக் கேள்விக்கு எங்கே வரலாம் என்பதையும் அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

பேச்சுவார்த்தை வரை போய்விட்டால், திரும்பப் பெற முடியாத ஒன்றைக் கேளுங்கள். 2023 ஜனவரியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டின் விதிகளை மற்றவர்களும் பயன்படுத்த அனுமதிக்கும் திறந்த உரிமத்தை, அதை வெளியிடும் நிறுவனம் மாற்றப்போகிறது என்ற வரைவு கசிந்தது. ரசிகர்கள் அந்த விளையாட்டின் இணையச் சேவைக்குக் கட்டிவந்த சந்தாவை ரத்து செய்தார்கள். அந்த மாதமே நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதித்தொகுப்பை, யாரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. அந்த உரிமத்தை ஒருமுறை கொடுத்துவிட்டால், கொடுத்தவரே நினைத்தாலும் திரும்ப வாங்க முடியாது.