பழைய ஃபோர்டு மஸ்டாங் காரில் பிரேக் பூஸ்டர்

பிரேக் பெடல் கல்லாக இறுகினால் உடனே பூஸ்டர் (இன்ஜின் வெற்றிடத்தால் பெடல் மிதிப்பதை லேசாக்கும் கருவி) வாங்க ஓடாதீர்கள். இன்ஜினை அணைத்து, பெடலை நாலைந்து முறை மிதித்து, அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே இறங்கினால் பூஸ்டர் நல்லதுதான்.

இறங்கவில்லையா? இன்ஜினிலிருந்து பூஸ்டருக்கு வரும் வேக்குவம் ஹோஸில் வெடிப்பு தேடுங்கள். காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் செக் வால்வைக் கழற்றி பூஸ்டர் பக்கமிருந்து ஊதினால் காற்று போக வேண்டும், எதிர்ப்பக்கமிருந்து போகக்கூடாது. மிதித்துப் பிடித்திருக்கும்போது ‘உஸ்’ சத்தம் நிற்காவிட்டால் பெரும்பாலும் பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் டயஃப்ரம் கிழிசல்.

பூஸ்டரை மாற்றுவதானால், பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் நட்டுகளைக் கழற்றி, குழாய்கள் மடங்காமல் முன்னே நகர்த்துங்கள். பூஸ்டர் வாயில் பிரேக் ஆயில் ஈரம் தெரிந்தால் சிலிண்டரின் பின் சீல் போய்விட்டது. அதையும் மாற்றாவிட்டால் புது டயஃப்ரமும் ஊறிக் கெடும்.

பூஸ்டரின் புஷ்ராடுக்கும் (தள்ளும் கம்பி) மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் நடுவே சுமார் அரை மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். பலர் இதைத்தான் மறக்கிறார்கள். இடைவெளி இல்லாவிட்டால் ஓட ஓட பிரேக் பிடித்துச் சூடேறும்.