எடை குறைப்பில் சூப்: வயிறு நிறையாமல் போவது ஏன்?

உடல் எடையைக் குறைக்க முற்படும் பலர், இரவு உணவுக்குப் பதிலாக ஒரு கோப்பை சூப் என்று தொடங்கி, இரவு பத்து மணிக்குப் பசி தாங்காமல் மிக்சர் டப்பாவைத் திறந்துவிடுகிறார்கள். இதற்கு மன உறுதியைக் குறை சொல்வதைவிட, அந்தக் கோப்பைக்குள் என்ன இருந்தது என்று பார்ப்பதே முறை.

பெரும்பாலும் அதில் வடிகட்டிய சாறு மட்டுமே இருக்கும். கொள்ளை வேகவைத்து, தண்ணீரை மட்டும் இறுத்து, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுக் குடித்தால் கொழுப்பு கரைந்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கொழுப்பைக் கரைக்கும் தனி ஆற்றல் எந்த சூப்புக்கும் கிடையாது. 100 கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் இருக்கிறது. அதில் பெரும்பகுதியும் நார்ச்சத்தும் நாம் ஒதுக்கிவைக்கும் கொள்ளிலேயே தங்கிவிடுகின்றன. வெந்த கொள்ளில் ஒரு கைப்பிடியை மசித்து அந்தத் தண்ணீரிலேயே கலந்தால்தான் பசி அடங்கும். வாழைத்தண்டு, முருங்கைக்கீரை சூப்புகளுக்கும் இது பொருந்தும்.

வடிகட்டுவதுதான் தவறே தவிர, மிக்ஸியில் அரைப்பது அல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸும் அவருடைய சக ஆய்வாளரும் நடத்தி 2007-ல் வெளியிட்ட ஆய்வில், மதிய உணவுக்குச் சற்று முன் குறைந்த கலோரி காய்கறி சூப் அருந்தியவர்கள், சூப்பின் கலோரியையும் சேர்த்துக் கணக்கிட்டபோதும், அந்த வேளையில் சுமார் 20 சதவீதம் குறைவாகவே உட்கொண்டிருந்தார்கள். காய் துண்டுகளாக இருந்ததா, மசிய அரைக்கப்பட்டிருந்ததா என்பது முடிவை மாற்றவில்லை. ஆனால் அவர்கள் வேண்டிய அளவு மட்டும் உண்ணும் உரிமையோடு அமர்ந்தவர்கள்; நம் வீடுகளிலோ தட்டில் முன்பே வைத்துவிட்ட நான்கு இட்லியையும் சூப்புக்குப் பிறகு காலி செய்தே எழுகிறோம். அப்போது சூப் கூடுதல் உணவாகிவிடுகிறது. இரண்டு இட்லியோடு பரிமாறத் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் மேலும் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, கெட்டியாக்கும் முறை. உணவகங்களில் கிடைக்கும் கிரீம் சூப்புகளுக்கு வெண்ணெய், மைதா, கிரீம் ஆகியவை கெட்டித்தன்மை தருகின்றன. ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் மட்டுமே ஏறத்தாழ 100 கலோரி. கார்ன்ஃபிளவர் அவ்வளவு கலோரி சேர்க்காவிட்டாலும், புரதமோ நார்ச்சத்தோ இல்லாத வெறும் மாவுச்சத்துதான். அதே 100 கலோரிக்குச் சுமார் 30 கிராம் பாசிப்பருப்பு போடலாம். ஏழு கிராம் புரதமும் கிடைக்கும். அந்தப் பருப்பைச் சுரைக்காய், பீன்ஸ், தக்காளி, நசுக்கிய இஞ்சி ஆகியவற்றோடு குக்கரில் குழைய வேகவைத்து, பாதியை மட்டும் மத்தால் கடைந்துவிட்டால், மாவு எதுவும் சேர்க்காமலே பதம் வந்துவிடும். மீதிப் பாதி மென்று தின்னக் கிடைக்கும். அசைவம் உண்பவர்கள் கோழி நெஞ்சுக்கறியையோ முட்டையையோ சேர்க்கலாம். ஆட்டுக்கால் சூப்பை ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மேலே உறையும் கொழுப்பை வழித்தெடுத்துவிடலாம்.

பாக்கெட் சூப்பில் கவனிக்க வேண்டியது உப்பு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. பாக்கெட்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் அளவு ஒரு பரிமாறலுக்கானதா, முழுப் பாக்கெட்டுக்கானதா என்று பார்க்காமல், நால்வருக்கானதை ஒருவரே குடித்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. உப்பு உடலில் நீரைத் தேக்குவதால் மறுநாள் எடையும் கூடித் தெரியும். வீட்டில் செய்யும்போது இறக்கிய பிறகு எலுமிச்சைச் சாறு பிழிந்தால், குறைந்த உப்பே போதும்.

ஏழு நாள் முட்டைக்கோஸ் சூப் போன்ற திட்டங்களில் முதலில் விரைவாகக் குறைவது பெரும்பாலும் நீர்தான்: உடல் மாவுச்சத்தைச் சேமித்துவைக்கும் வடிவமான கிளைகோஜனின் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் நீர் சேர்ந்திருக்கிறது, வழக்கமான உணவுக்குத் திரும்பியதும் அது மீண்டும் சேர்ந்துவிடும். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் ஒரு வேளை உணவை சூப்பாக மாற்றினால் சர்க்கரை அளவு ஆபத்தாக இறங்கக்கூடும் என்பதால், மருந்தின் அளவைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். சிறுநீரக நோயாளிகள் கீரை, தக்காளி, பருப்பு ஆகியவற்றின் அளவையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.